துண்டுத்துணிப் போர்வைத் தொழில்: ஆரம்பத்தில் வேண்டிய கருவிகளும் சாமான்களும்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் துணிக்குக் குறைவில்லை. 1936-ஆம் வருஷத்தில் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்தார். அதன்பின் நூல் ஆலைகள் பல இங்கே எழுந்தன. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய காயக்கட்டுத் துணியும் காஸ் துணியும் நெய்யப்படுகின்றன. தளவாய்புரத்தில் நைட்டிகள் தைக்கப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள். துணி வெட்டுமிடத்தில் துண்டு விழுவது இயல்பு. அதை எடைக்குப் போட்டால் கிடைப்பது சொற்பம். அளவாக வெட்டி இணைத்துப் போர்வையாக்கினால் கைவேலைக்குரிய கூலியும் வீட்டுக்கு வரும்.

ஆனால் இத்தொழிலை ஆரம்பிக்க விரும்புவோர் முதலில் நினைப்பது தையல் மெஷினைப் பற்றித்தான். கடன் மனுவும் அதற்கே எழுதப்படுகிறது. மெஷின் வீட்டுக்கு வந்த மறுமாதமே தவணை வந்துவிடும். விற்கத்தக்க போர்வையோ அவ்வளவு சீக்கிரம் வராது. கை பழகுமுன் கடன் பழகினால், தொழிலும் நிற்காது, சங்கத்தின் பணமும் திரும்பாது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். ஆகவே எவை ஒவ்வொருவருக்கும் சொந்தமாக வேண்டும், எவை சங்கத்துக்குப் பொதுவாக இருந்தால் போதும் என்று பிரித்தறிவது அவசியம்.

இப்போர்வை மூன்று அடுக்குள்ளது. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி. நடுவில் பஞ்சு அல்லது மெல்லிய துணி. அடியில் ஒரே துணி. இம்மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவதே தொழிலின் சாரம்.

சொந்தமாக வேண்டியவை

முதலாவது, துணி வெட்டும் கத்தரிக்கோல். அதனால் காகிதம் வெட்டலாகாது. வெட்டினால் கூர் மழுங்கி, துணியைக் கடித்து இழுக்கும். காகிதத்துக்குப் பழைய கத்தரி போதும்.

இரண்டாவது, ஊசிகள். துண்டுகளை இணைக்க நடுத்தர ஊசியும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கக் குட்டையான ஊசியும் வேண்டும். குட்டை ஊசியால் தையல் சிறிதாகவும் நெருக்கமாகவும் விழும். ஊசியின் நம்பர் ஏற ஏற ஊசி மெல்லியதாகும் என்பதைக் கடையில் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பருத்தி நூல். வெட்டென்று இழுத்தால் அறுந்துபோகும் பழைய நூல் வேண்டாம். ஒருமுறைக்கு 18 அங்குலத்துக்கு மேல் நூல் கோக்கலாகாது. மீறினால் சிக்கி, நைந்துபோகும்.

நான்காவது, குண்டூசியும் ஊக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசி. மூன்று அடுக்கும் நகராமலிருக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு. துருப்பிடித்தவை துணியில் கறை ஏற்றும்.

ஐந்தாவது, அடிக்கோல், இஞ்சு டேப்பு, தையற்காரர் சுண்ணக்கட்டி, விரல் நுனிக்கு மாட்டும் உலோகக் குப்பி. இக்குப்பியில்லாமல் நாள் முழுதும் மூன்று அடுக்கில் ஊசி தள்ளினால் விரல் புண்ணாகும்.

சாமான்கள்

துண்டுத்துணியில் பருத்தி எது, பாலியெஸ்டர் எது என்று முதலில் பிரிக்க வேண்டும். ஓர் இழையை உருவி, தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தியானால் காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது; இரண்டையும் கலந்து தைத்த போர்வை முதல் சலவையிலேயே சுருக்கம் விழுந்து கோணும். பருத்தித் துண்டுகளைத் தைக்குமுன் நனைத்து உலர்த்த வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டும் துண்டை ஒதுக்கிவிடுதல் நலம்.

நடு அடுக்குக்கு உதிரி இலவம்பஞ்சு ஏற்றதன்று. அது வழுக்கி மூலையில் சேர்ந்துவிடும். இவ்வூர் வெயிலுக்குக் கனத்த பஞ்சும் வேண்டியதில்லை. புதிய காஸ் துணியை நாலைந்து மடிப்பாக விரித்தால் காற்றோட்டமுள்ள போர்வையாகும். அதன் நெசவு இளகலானபடியால் மேலே போடும் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும்.

அளவு

ஆரம்பத்தில் 36 அங்குலம் அகலமும் 48 அங்குலம் நீளமுமான குழந்தைப் போர்வை தகும். வரிசைக்கு 6 துண்டாக 8 வரிசை. மொத்தம் 48 துண்டுகள். தைத்தபின் 6 அங்குலச் சதுரமாக நிற்க, ஒவ்வொன்றையும் 6½ அங்குலமாக வெட்ட வேண்டும். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போகும். அடித்துணி நான்கு புறமும் 2 அங்குலம் கூடுதலாக, 40-க்கு 52 அங்குலம் இருக்கட்டும். ஓரம் கட்டும் நாடாவுக்குச் சுமார் 5 கஜம் வேண்டும்.

கால் அங்குலந்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. தைப்பவர் துண்டின் ஓரத்தில் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், ஒரு தையலில் இரு துண்டுக்கும் சேர்த்துக் கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் 5 தையல்கள். ஆகவே அவ்வரிசை ஒன்றேகால் அங்குலம் குட்டையாகும். அடுத்த வரிசையோடு அது ஒருபோதும் பொருந்தாது. ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு அமர்த்தினால் பிழை உடனே தெரியும்.

சங்கத்துக்குப் பொதுவானவை

இஸ்திரிப் பெட்டி, அகன்ற வெட்டு மேஜை, கத்தரி சாணை பிடிக்கும் ஏற்பாடு, ஒரு தையல் மெஷின், தகரத்தில் வெட்டிய 6½ அங்குல அளவு அச்சு ஆகியவற்றைச் சங்கம் வாங்கி வைக்கலாம். அட்டை அச்சின் மூலை வரைய வரையத் தேயும். அதனால் கடைசித் துண்டு முதல் துண்டுக்குப் பொருந்தாது. எல்லா அங்கத்தினரும் ஒரே தகர அச்சால் வெட்டினால், பத்து வீட்டில் தைத்த துண்டுகளும் ஒரே போர்வையில் சேரும். துண்டுத்துணியை மொத்தமாகப் பேசி வாங்குவதும் சங்கத்தாலேயே ஆகும்.

மெஷினில்லாமலும் இத்தொழில் உண்டு. கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கத்துச் சித்தி இனத்துப் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத் தையலால் சேர்த்து, நான்கு மூலையிலும் பூவென்று சொல்லும் மடிப்பு வைத்துக் கவுதி என்னும் போர்வை தைக்கிறார்கள். அவர்கள் முதல் ஊசி, நூல், கைப்பழக்கம் ஆகியவையே.

கூட்டுறவால் ஆவதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தின் வில்காக்ஸ் ஜில்லாவில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் 1966-ஆம் வருஷத்தில் போர்வைக் கூட்டுறவு சங்கம் ஒன்றைத் தொடங்கினர். வீட்டில் குளிருக்குத் தைத்துவந்த போர்வைகள் சங்கத்தின் மூலம் நியூயார்க் வரை விலைபோயின. 1972-இல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் தலையணையுறைகள் தைக்கும் வேலை சங்கத்துக்குக் கிடைத்தது; அதில் மிஞ்சிய துண்டுகளும் போர்வைகளாயின.

ஆகையால், தொழிலை விரும்பும் அங்கத்தினர் கத்தரி, ஊசி, நூல், ஊக்கு, அளவுகோல் ஆகிய சிறு சாமான்களுக்கு மட்டும் கைப்பணம் செலவிடட்டும். முதல் போர்வை தம் வீட்டுக் குழந்தைக்கு ஆகட்டும். இரண்டாவதைச் சங்கத்தில் வைத்து, வரிசைகள் நேராக நிற்கின்றனவா, சலவைக்குத் தாங்குகிறதா என்று பரிசோதிக்கட்டும். மூன்றாவது போர்வைக்கு வாங்குவோர் கிடைத்தபின் மெஷினுக்கு மனுச் செய்தால், சங்கமும் தயக்கமின்றிக் கடன் கொடுக்கலாம். தவணையும் போர்வையின் வருவாயிலிருந்தே தீரும்.