விற்ற மலை வருவாயாகுமா?

(கப்பலூரில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இக் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் ஒருவர், தம் கடைசற்பொறியை விற்று, அப் பணத்தை 'இவ்வாண்டு ஊதியம்' என்று கணக்கேட்டில் எழுதினால் நாம் நகைப்போம். பொறியே போனபின் எதைக்கொண்டு தொழில் செய்வீர் என்று வினவுவோம். ஆனால் நாடுகள் தம் கணக்கை இவ்வாறே எழுதுகின்றன. கனிமத்தைத் தோண்டி விற்ற பணம் வருவாயில் ஏறுகின்றது. தோண்டிய குழி எப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

இப் பிழையைத் திருத்தப் பொருளியலறிஞர் வேறொரு கணக்கு வகுத்தனர். நாட்டின் மொத்தச் சேமிப்பிலிருந்து பொறிகளின் தேய்மானத்தைக் கழித்து, கல்விச் செலவைக் கூட்டி, அகழ்ந்த கனிமம், அழிந்த காடு, கரிப்புகையால் நேர்ந்த கேடு ஆகியவற்றின் மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதே மெய்ச்சேமிப்பு. உலக வைப்பகமே இக் கணக்கை நாடுதோறும் வெளியிட்டு வந்துள்ளது. மெய்ச்சேமிப்பு சுழிக்குக் கீழே தொடர்ந்து நிற்குமாயின், அந்நாடு தன் முதலையே தின்கின்றது என்பது பொருள்.

மக்கள்தொகையிற் சிறிய இரு நாடுகளைப் பாருங்கள். அமைதிப் பெருங்கடலில் 21 சதுரக் கிலோமீட்டரே பரப்புள்ள தீவு நவுரு. 1968-இல் விடுதலை பெற்றது. எருவுக்கான பாசுப்பேற்றுக் கல்லை விற்று, 1970-களில் ஆள்வீத வருவாயில் உலகின் முன்வரிசையில் நின்றது. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அகழப்பட்டுக் கூர்ங்கற்காடாயிற்று. சேர்த்த பொதுப்பணமோ தவறான முதலீடுகளிற் கரைந்தது. 2001-இல், ஆத்திரேலியா தடுத்த ஏதிலியரை அடைக்கும் பாசறைக்கு இடங்கொடுத்துப் பொருள்பெறும் நிலைக்கு வந்தது.

போட்சுவானா 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே வைரம் கண்டனர். வைரமும் தீரும் செல்வமே என்றுணர்ந்து, அப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் சாலைக்கும் இட்டனர். 1994-இல் வருங்காலத்திற்கென 'பூலா' வைப்பும் நிறுவினர். அண்மையில் வைர வாணிகம் தளர்ந்தமையால் அந்நாடும் இடருறுகின்றது, உண்மை. ஆயினும் கற்ற மக்கள் அதற்கு முதலாக உளர்.

நம் மதுரைக்கு வருவோம். மேலூர்ப் பகுதியிற் கருங்கல் முறைகேடாக வெட்டப்பட்டதால் அரசுக்கு 16,000 கோடி உருபாவுக்கு மேல் இழப்பென்று 2012-இல் ஆட்சியர் சகாயம் அறிக்கை விடுத்தார். 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே ஆய்வுக்கு அமர்த்தியது. 2015-இல் அவர் தந்த அறிக்கையில் இழப்பு ஓரிலக்கங் கோடியைத் தாண்டியது.

தோழர்களே! அப் பணம் முழுதும் கருவூலம் சேர்ந்திருந்தாலும் மலை மீளாது. அது பள்ளியாகவும் கண்மாயாகவும் மாறியிருந்தாலன்றி நாமும் நவுருவே!

அரிட்டாபட்டி மக்கள் இதை யாரும் கற்பிக்காமலே உணர்ந்தனர். தமிழி எழுத்துப் பொறித்த அம் மலை 2022-இல் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் நடுவணரசு அப் பகுதியைத் தங்குதன் கனிமத்திற்காக ஏலம் விட்டது. ஊர்கள் திரண்டெழுந்தன, 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது.

உங்கள் ஊரவை கூடும்போது ஒரு வினா எழுப்புங்கள்: நம் ஊர்க் கல்லும் மணலும் விற்ற பணம் எதுவாக மாறி நிற்கின்றது? விடை இல்லையேல், நம் கடைசற்பொறி விற்கப்படுகின்றது என்றறிக!