ஓடிய முதலும் ஊன்றிய உழைப்பும்
(கூட்டுறவு குறித்து ஆற்றிய சொற்பொழிவு)



வறண்ட பகுதி வாழவேண்டுமா, வெளியூர் முதலாளியை வருந்தி அழையுங்கள், வரிச் சலுகை வழங்குங்கள் என்கிறார்கள். வந்தவர் ஒரு நாள் மூட்டை கட்டினால் ஊர் என்ன செய்வது? அதற்கு விடை கூறுவாரைக் காணோம். கேரளத்துக் கண்ணூர் கூறுகிறது, கேளுங்கள்.

பீடித் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டவாறே சுற்றுவார்கள். படித்தவரது பங்கையும் சேர்த்துச் சுற்றித் தருவார்கள். சங்கம் பதிவாகும் முன்பே கூட்டுறவு அங்கே குடியிருந்தது!

பீடித் தொழிலாளரின் வேலை நிலையைச் சீராக்க 1966-ல் சட்டம் இயற்றப்பட்டது. 1968-ல் கேரள அரசு அதனைச் செயற்படுத்த முற்பட்டது. பெரு முதலாளிகள் என்ன செய்தனர்? பட்டறைகளை மூடினர்; எல்லைக்கு அப்பால், மங்களூர்ப் பக்கம் தொழிலைக் கொண்டுபோயினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்து தெருவில் நின்றனர்.

முதல் போயிற்று, கைத்திறன் போகவில்லை, தொழிற்சங்கம் போகவில்லை. 1969-ல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 20 ரூபாய். தொழிலாளி முதலில் செலுத்தியதோ 1 ரூபாய்! எஞ்சியதற்கு அரசு கடன் தந்தது. 1980-களில் அங்கு வேலை பெற்றோர் 40,000-க்கும் மேற்பட்டோர்.

ஆயினும், பெயர்ப்பலகை மாட்டியதும் பாலாறும் தேனாறும் ஓடுமென மயங்கவேண்டாம். புகைப் பழக்கத்துக்கு எதிர்ப்பு வளர்ந்தது. வளரவேண்டியதுதான், உயிர் குடிக்கும் பண்டம் அது. விற்பனை சரிந்தது, தொழிலாளர் தொகை குறைந்தது. தனி முதலாளியாயின் மறுபடியும் கதவைச் சாத்தியிருப்பார். சங்கமோ உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை எனப் புதுத் தொழில்களில் இறங்கிற்று. காரணம் என்ன? அதன் உடைமையாளருக்கு ஓடிப்போக வேறு ஊர் இல்லை!

தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு என்றேனும் சென்றதுண்டா? வரவு செலவுக் கணக்கைப் படித்ததுண்டா? "நம் ஆள் தலைவரானால் போதும்" என்று நாற்காலியை மட்டும் பிடிப்போமானால், பழைய முதலாளிக்குப் பதில் புதிய முதலாளியை அமர்த்தியவர்களாவோம். உறுப்பினர் கேள்வி கேட்கவேண்டும். பொறுப்பாளர் விடை சொல்லவேண்டும். அந்தப் பழக்கம் வேரூன்றிய இடத்தில்தான் ஏழையின் ஒரு ரூபாய் ஊரின் முதலாக வளரும்.

அந்தப் பழக்கத்தை ஊரூராகக் கொண்டுசெல்லும் கடமை நம்முடையது. தொடங்குவோம், வாரீர்!