நிறமும் ஊனமும்

(பகுத்தறிவுக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பிறப்பினால் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பேசுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர் ஆகியோருக்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மனிதன் இந்த இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவனாயிருந்தால் அவனுக்காகப் பேசுகிறவர் யார்? முதல் கூட்டத்தாரைக் கேட்டால், “அது வைத்தியர் பார்க்க வேண்டிய காரியம்” என்பார்கள். இரண்டாவது கூட்டத்தாரைக் கேட்டால், “அது இன விவகாரம், நமக்குச் சம்பந்தமில்லை” என்பார்கள். இரண்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு அவன் வீடு திரும்ப வேண்டியதுதான்.

நாம் இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அமெரிக்கா தேசத்துக் கறுப்பு மக்களின் சரித்திரத்திலிருந்து சில உண்மைகளை உங்கள் முன் வைக்கிறோம். அவற்றைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வட கரோலினா மாகாணத்தில் ஜூனியஸ் வில்சன் என்று ஒருவர் 1908இல் பிறந்தார். அவர் கறுப்பர்; காது கேளாதவர். ராலே நகரில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பள்ளியில் கொஞ்சகாலம் படித்தார். அங்கே அவர் கற்ற கைச்சாடை மொழி வெளியிலுள்ளவர்களுக்கு விளங்காது. 1925இல் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றதாக அவர் மேல் குற்றம் சுமத்தினார்கள். அவர் சொல்லுவது அவர்களுக்குப் புரியவில்லை. உடனே அவரைப் பைத்தியம் என்று தீர்மானித்துக் கறுப்பர்களுக்கான பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டார்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்கிற விசாரணையே நடக்கவில்லை. அங்கே அவருக்கு விதையடித்தார்கள். பிற்காலத்தில் வழக்கு கைவிடப்பட்டது. அப்பொழுதாவது வெளியே விட்டார்களா? இல்லை! 2001இல் இறக்கும் வரையில் அந்த ஆஸ்பத்திரி எல்லைக்குள்ளேயே 76 வருஷம் கழித்தார்.

தோழர்களே! அவர் வெள்ளையராயிருந்து காது மட்டும் கேளாதிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? கறுப்பராயிருந்தும் வாய்திறந்து “நான் செய்யவில்லை” என்று சொல்ல முடிந்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருக்க முடியுமா? நிறம் அவரைச் சந்தேகத்துக்கு ஆளாக்கிற்று; காது அவர் பதிலைப் பறித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்தபொழுது ஒரு மனிதனின் ஆயுளே போய்விட்டது.

இனி, படிப்பு விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் தலைநகரமாகிய வாஷிங்டனில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கெண்டல் பள்ளி என்று ஒன்று உண்டு. 1905க்குப் பிறகு அங்கே கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. சொந்த ஊரில் பள்ளி இருக்க, அவர்களை மேரிலாந்து மாகாணத்திலிருந்த கறுப்பர் பள்ளிக்கு அனுப்பிவந்தார்கள். லூயிஸ் மில்லர் என்ற ஒரு தாய், தம் பிள்ளைகளைக் கண்காணாமல் அனுப்ப மாட்டேன் என்று, வேறு சில பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு வழக்குத் தொடுத்தார். 1952இல் ஜெயித்தார். ஜெயித்தும் என்ன நடந்தது? அதே வளாகத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள்! 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்தத் தனிக்கட்டடம் ஒழிந்தது. அதில் படித்த 24 பேருக்கு 2023இல்தான் பட்டயம் வழங்கிக் கௌரவித்தார்கள். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடில்லை.

இதில் வேடிக்கையும் ஒன்று உண்டு. 1880இல் மிலான் நகரத்தில் கூடிய பண்டிதர்கள், காது கேளாதவருக்குக் கைச்சாடை கூடாது, உதடு பார்த்துப் பேசவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். வெள்ளைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அதைப் பின்பற்றிச் சாடையைத் தடுத்தன. கறுப்புப் பள்ளிகளுக்குப் பணமும் இல்லை, அவற்றைக் கவனிப்பாரும் இல்லை. ஆகையால் அங்கே சாடைமொழி உயிரோடு வளர்ந்தது. இன்று அறிஞர்கள் அதை ஒரு முழு மொழி வகையாக ஆராய்கிறார்கள். ஆனால் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபொழுது அந்தப் பிள்ளைகளின் சாடை மட்டரகமானது என்று கேலி செய்யப்பட்டது. மனிதன் தாழ்ந்தவன் என்று தீர்மானித்துவிட்டால் அவன் கைவிரல் அசைவுகூடத் தாழ்ந்ததாகிவிடுகிறது!

ஊனம் உள்ளவனுக்கு உதவி மறுத்த இதே சமூகம், ஊனம் இல்லாதவனுக்கு ஊனப்பட்டம் கட்டியும் விட்டது. கலிபோர்னியாவில் 1968-69இல் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பர் 100க்கு 9 பேர். மந்தபுத்தியுள்ளவர்கள் என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ 100க்கு 27 பேர்! புத்தியை அளக்கிறோம் என்று சொல்லி, வெள்ளையர் வீட்டு வழக்கங்களைக் கேள்விகளாகக் கேட்டு, பதில் தெரியாத பிள்ளையை மந்தம் என்று எழுதினார்கள். பெற்றோர்கள் வழக்காடினார்கள். அந்தச் சோதனையைக்கொண்டு கறுப்புப் பிள்ளைகளை அவ்விதம் தள்ளக்கூடாது என்று 1979இல் தீர்ப்பாயிற்று.

ஆகவே ஊனமும் இனமும் வேறு வேறு பிரச்னை என்று சொல்லுவது எவ்வளவு பெரிய பொய் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி இரண்டு கூட்டமும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று சொல்லுகிறோம். சர்க்கார் பணம் பெறும் எந்த ஸ்தாபனமும் ஊனமுற்றவரை ஒதுக்கக்கூடாது என்று 1973இல் அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். அதற்கு விதிகள் போடாமல் நான்கு வருஷம் தூங்கினார்கள். 1977 ஏப்ரல் 5ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் சர்க்கார் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டெலிபோனைத் துண்டித்தார்கள், காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சாடை காட்டி வெளியே செய்தி அனுப்பினார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கருஞ்சிறுத்தைக் கட்சியார் நாள்தோறும் சூடாகச் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். காரணம், அவர்கள் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் என்ற சக்கர நாற்காலித் தோழர் உள்ளே இருந்தார். ஏப்ரல் 28ஆம் தேதி மந்திரி கையெழுத்துப் போட்டார். அந்த விதிகள்தான் 1990இல் வந்த பெரிய சட்டத்துக்கு அஸ்திவாரம்.

இவ்வளவு செய்த லோமாக்ஸ் 1984இல் இறந்தார். அந்த நாட்டுப் பெரிய பத்திரிகையாகிய நியூயார்க் டைம்ஸ் அவருக்கு இரங்கல் எழுதியது 2020இல்! வெற்றியைச் சொல்லும்பொழுதும் சோறு போட்டவனையும் உள்ளே இருந்த கறுப்பனையும் மறந்துவிட்டார்கள்.

“பட்ட காலிலே படும்” என்று நாம் பழமொழி சொல்லுகிறோம். பட்ட காலில் தானாகப் படுவதில்லை, தோழர்களே! அவன் நடக்கும் பாதையில் கல்லைப் போட்டவன் ஒருவன் இருக்கிறான். முன் ஜன்ம வினையால் ஒருவன் தாழ்ந்த ஜாதியில் பிறந்தான் என்றும், அதே வினையால் இன்னொருவன் கண்ணிழந்து பிறந்தான் என்றும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, அது என்ன? கல்லைப் போட்டவனைக் காட்டாமல் மறைக்கும் சூழ்ச்சியல்லாமல் வேறென்ன? வில்சனை அடைத்தது வினையா, வட கரோலினா சர்க்காரா? கெண்டல் பள்ளியைச் சாத்தியது விதியா, மனிதனா?

மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற ஊனமுற்றோர் உரிமை ஒப்பந்தம், இனத்தாலும் மொழியாலும் பிறப்பாலும் ஊனமுற்றோர் மேலும் துன்புறுவதைத் தன் முகவுரையிலேயே குறிப்பிடுகிறது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புதல் தந்தது. 2016இல் சட்டமும் செய்தது. ஆனால் அமெரிக்காவில் நான்கு வருஷம் தூங்கிய சட்டத்தை எழுப்பியது சர்க்கார் அல்ல, உள்ளே போய் உட்கார்ந்தவர்களும் அவர்களுக்குச் சோறு சுமந்தவர்களும்தான் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். சமத்துவம் பேசும் சங்கங்கள் மாடியில் கூட்டம் போட்டுவிட்டு, “நொண்டி வரவில்லை” என்று சொல்லாதீர்கள். ஊனமுற்றோர் சங்கங்கள் தங்கள் நிர்வாகப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்து, அதில் தாழ்த்தப்பட்டவர், மலைவாசி, சிறுபான்மையோர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளட்டும். உதவி கொடுப்பவர்கள், வாங்குகிறவனுடைய மொழியில், அவனுடைய சாடையில் பேசக் கற்கட்டும். அவனுக்காக நாம் பேசுவதைவிட அவனை மேடைக்கு வரச் செய்வது மேலான காரியம். மேடைக்குப் படி தடையாயிருந்தால், முதலில் சரிவுப் பாதை கட்டுங்கள்; சொற்பொழிவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.