லாரி ராபின்சன்: தலைமையிலிருந்து இறங்கி வந்தும் உழைத்தவர்

(நமது குடியிருப்பின் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிரிக்கெட் என்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருமே என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். அதனால் நம்மில் பலர் டிவியில்கூட அதிகம் பார்த்திராத ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டேன். அது ஐஸ் ஹாக்கி. நான் சொல்லப்போகும் ஆள், கனடா நாட்டு லாரி ராபின்சன்.

பெரிய பதவியில் இருந்த ஒருவர், அதைவிடச் சிறிய பொறுப்பை ஏற்று அதே இடத்தில் மறுபடி வேலை செய்ய முடியுமா? பணி ஓய்வு பெற்றவர்களும் ஓய்வை நெருங்குகிறவர்களும் இங்கே நிறைய இருக்கிறோம். நம் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர். ஒருவர் கோல்கீப்பர், மூவர் முன்கள வீரர்கள், இருவர் தடுப்பாட்டக்காரர்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற தட்டையான கெட்டி ரப்பர் வட்டு. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். வேகம் மிக அதிகம் என்பதால் யாரும் தொடர்ந்து ஆட முடியாது. முக்கால் நிமிடம் ஆடிவிட்டு வெளியே வருவார்கள், அடுத்தவர்கள் உள்ளே பாய்வார்கள்.

இதில் தடுப்பாட்டக்காரரின் வேலை விசித்திரமானது. எதிரி முன்னால் வேகமாக வரும்போது, இவர் அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். முழு ஆட்டமும் அவர் கண் முன்னால் நடக்கும். பக்கைப் பறித்தவுடன் சரியான ஆளுக்கு முதல் பாஸ் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். கோல் போட்டவனுக்குக் கைதட்டு கிடைக்கும். அதைத் தொடங்கி வைத்தவரைப் பலரும் கவனிக்க மாட்டார்கள்.

ராபின்சன் 1951-ல் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்து, பால் பண்ணையில் வளர்ந்தவர். ஆறடி நான்கு அங்குல உயரம். 1971-ல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் நேராகப் பெரிய அணியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த நிலை அணியான நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆடித் தேறி, 1973 ஜனவரியில் மான்ட்ரியலுக்கு வந்தார். அந்த ஆண்டே அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1893 முதல் வழங்கப்பட்டுவரும் கோப்பை அது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அதன்பின் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை, 1986-ல் இன்னொரு முறை என, ஆட்டக்காரராக மொத்தம் ஆறு கோப்பைகள். 1977-லும் 1980-லும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது பெற்றார். 1978-ல் கோப்பைக்கான ஆட்டங்களில் மிகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. ஆள் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும்போது போடும் கோல் இதில் சேராது. 1976-77 பருவத்தில் ராபின்சனின் கணக்கு கூட்டல் 120. ஒரே பருவத்தில் இதைவிட அதிகம் எடுத்தவர் பாபி ஓர் ஒருவர்தான், 124. அந்தப் பருவத்தில் மான்ட்ரியல் 80 ஆட்டங்களில் தோற்றது எட்டே எட்டுதான்.

மான்ட்ரியலில் 17 பருவங்கள், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியில் மூன்று. 1992-ல் ஆட்டத்தை நிறுத்தினார். இருபது பருவங்களிலும் அவர் இருந்த அணி கோப்பைக்கான சுற்றுக்குத் தகுதி பெற்றது.

இப்படிப்பட்டவர் பயிற்சிக்கு வந்தால் நேராகத் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருப்பார் என்று நினைப்போம். அவர் 1993-ல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் ஜாக் லமேர், மான்ட்ரியலில் அவரோடு ஆடியவர். பழைய சகாவின் கீழே வேலை. ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மேயர் போன்ற தடுப்பாட்டக்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1995-ல் அந்த அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

உடனே கிங்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அங்கே நான்கு பருவங்கள். மூன்றில் கோப்பைச் சுற்றுக்கே போக முடியவில்லை. ஆட்டக்காரராக ஒருமுறைகூட அனுபவிக்காத ஏமாற்றம், பயிற்சியாளர் ஆனதும் மூன்று முறை வந்தது. 1999-ல் அந்தப் பொறுப்பு முடிந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 'நான் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவன்' என்று அவர் வீட்டில் உட்காரவில்லை. நியூ ஜெர்சிக்கே திரும்பி, மறுபடி உதவிப் பயிற்சியாளர் ஆனார். 2000 மார்ச்சில் வழக்கமான ஆட்டங்கள் எட்டு மட்டுமே மீதம் இருந்தபோது, நிர்வாகம் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டு ராபின்சனிடம் அணியை ஒப்படைத்தது.

அரையிறுதிக்கு இணையான சுற்றில் எதிரணி பிலடெல்பியா. நான்கு வெற்றி எடுப்பவர் முன்னேறுவார். நியூ ஜெர்சி 1-3 என்று பின்தங்கியது. அமைதியானவர் என்று பெயரெடுத்த ராபின்சன், வீரர்களின் அறையில் குப்பைத் தொட்டியை உதைத்துக் கத்தினார். அணி அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. ஜூன் 10-ம் தேதி இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஜேசன் ஆர்னட் போட்ட கோலில் டல்லாஸை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தில் கொலராடோவிடம் தோற்றது.

2002 ஜனவரியில் அவரையும் நீக்கினார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. யாராக இருந்தாலும் மனம் கசந்துபோகும். அவர் அதே நிறுவனத்தில் சிறிய பொறுப்பில் தொடர்ந்தார். 2003-ல் பாட் பர்ன்ஸ் தலைமையில் நியூ ஜெர்சி மறுபடி வென்றபோது, ராபின்சனும் பயிற்சிக் குழுவில் இருந்தார்.

பர்ன்ஸ் புற்றுநோயால் விலக நேர்ந்தபோது, 2005-ல் மீண்டும் ராபின்சனைத் தலைமைக்கு அழைத்தார்கள். இந்த முறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. மன அழுத்தம், தலைவலி. அந்த டிசம்பரில் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அவராகவே விலகினார். பருவத்தின் நடுவில், பெரிய அணியின் தலைமையை ஒருவர் அப்படி விடுவது சாதாரணம் இல்லை. 'தாங்க முடியவில்லை' என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

விலகியதோடு முடிந்துவிடவில்லை. பிறகு அதே அணியில் மறுபடி உதவிப் பயிற்சியாளர் ஆனார். 2012-ல் அந்த அணி இறுதிவரை போனபோது அவர் அங்கே இருந்தார். அடுத்து சான் ஹோசே அணியின் பயிற்சிக் குழு. 2017-ல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு ஆலோசகர். 2019-ல் அந்த அணி தன் முதல் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 68. ஆட்டக்காரராக ஆறு, பிற பொறுப்புகளில் நான்கு, ஆக மொத்தம் பத்துக் கோப்பைகள்.

அந்தக் கடைசி நான்கைப் பாருங்கள். தலைமைப் பயிற்சியாளராக அவர் வென்றது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் வேறொருவர் தலைமையில் இருக்கும்போது, அருகில் நின்று உழைத்தபோது வந்தவை. அவருக்குத் தெரிந்த வேலை, இளைய தடுப்பாட்டக்காரர்களுக்கு எங்கே நிற்பது, எப்போது பாஸ் கொடுப்பது என்று சொல்லித்தருவது. அதற்குத் தலைமை நாற்காலி தேவைப்படவில்லை.

மேலாளராக, தலைமை ஆசிரியராக, அதிகாரியாக இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவுடன் 'இனி நம்மை யார் கேட்பார்கள்' என்ற நினைப்பு வருவது இயல்பு. நம் பதவிப் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் பக்கத்து பிளாட் பையனுக்குக் கணக்குப் புரியவில்லை என்றால், உங்களுக்குத் தெரிந்த கணக்கு அவனுக்கு இன்றைக்கும் தேவை. உடம்பு முடியாதபோது விலகுங்கள், தேறியதும் வாருங்கள். எந்த நாற்காலி என்று பார்க்காமல் வாருங்கள்.