உப்பு வயலுக்கு உமரி: நம்ம இணையவழிக் கூட்டத்தில் பேசியது

ஞாயிறு ராத்திரி கூட்டத்துல நான் பேசினதை எழுத்தா போடச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. இதோ.

நான் மெக்கானிக்கல் படிச்சவன், விவசாய நிபுணர் இல்லை. ஆனா வேதாரண்யம் பக்கத்துல எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கு. 2004 சுனாமில கடல் தண்ணி ஏறினப்போ நான் பால்வாடிப் பையன். 2018 நவம்பர்ல கஜா வந்தப்போ மறுபடியும் ஏறுச்சு. அதுக்கப்புறம் நாத்து நட்டா நுனி கருகுது, வெயில் காலத்துல மண்ணு மேல வெள்ளையா பூக்குது. "வித்துடலாம்டா தம்பி"ன்னு அப்பா சொல்ல ஆரம்பிச்சிட்டார். அதனாலதான் படிக்க ஆரம்பிச்சேன்.

நம்ம உப்பளம் ஓரத்துல தானா முளைக்கிற உமரியை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீரையா கடைஞ்சும் சாப்பிடுவோம், உப்பு போடவே வேண்டாம். மத்த செடிக்கு விஷமா இருக்கிற உப்பை இது வேர் வழியா இழுத்து, இலைக்குள்ள தனி அறையில பூட்டி வச்சுக்குது. செடியை அறுத்து வெளியே எடுத்தா உப்பும் கூடவே வெளியே போகும். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல வெளியிட்ட கணக்கு: நாலு மாசத்துல ஒரு ஹெக்டேர்ல இருந்து உமரி சுமார் 504 கிலோ உப்பை எடுக்கும்.

கேட்க நல்லா இருக்குல்ல? இப்போ நம்ம கணக்கையும் போடுவோம். ஒரு ஹெக்டேர்ல மேல ஒரு அடி மண்ணோட எடை கிட்டத்தட்ட 40 லட்சம் கிலோ. நூறு கிலோ மண்ணுக்கு 200 கிராம் உப்புன்னு வச்சாலும் மொத்தம் 8,000 கிலோ. உமரியை மட்டும் நம்பினா பதினாறு அறுப்பு வேணும். அதனால "உமரி போடு, அடுத்த வருஷம் நெல்லு"ன்னு வீடியோ வந்தா தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க, நம்ம ஆளுங்க போட்டதா இருந்தாலும் சரி.

பெரிய வேலையைச் செய்யறது ஐப்பசி, கார்த்திகை மழைதான். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணியை வயல்ல நிறுத்தணும், உப்பு கரைஞ்சதும் வடிகால்ல விடணும். உமரி விதையையும் முதல் மழையிலேயே தூவிடணும், மேல் மண்ணுல உப்பு நீர்த்திருக்கும்போதுதான் நல்லா முளைக்கும். ஆனா தண்ணி தேங்கி நிக்கிற பள்ளத்துல தூவாதீங்க. மழை முடிஞ்சு வெயில் ஏறும்போது செடி நிலத்தை மூடி நிக்கும். வெறும் தரையா கிடந்தா அடியில இருக்கிற உப்பு மேல ஏறுமே, அது குறையும். உப்பு கொஞ்சம் இறங்கினப்புறம் தக்கைப்பூண்டு விதைச்சு, 45 நாள்ல பூக்கிறப்போ மடக்கி உழலாம்.

அறுத்ததை மாட்டுக்குப் போடலாமா? போடலாம், ஆனா எங்க வீட்டுல நடந்ததைக் கேளுங்க. வைக்கோல் விலை ஏறின நேரம். அம்மா ரெண்டு நாள் வெறும் உமரியையே செவலைக்குப் போட்டாங்க. மாடு குடம் குடமா தண்ணி குடிச்சுது, கழிச்சல் கண்டுச்சு, பாலும் குறைஞ்சுது. செடியில உப்பு அவ்வளவு! இப்போ தீவனத்துல கால் பங்குக்கு மேல போடறதில்லை, மீதி வைக்கோல். நல்ல தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும். இன்னொண்ணு, உமரி தின்ன மாட்டோட சாணி, கோமியத்தை அதே வயல்ல கொட்டாதீங்க. எடுத்த உப்பு திரும்ப அங்கேயே வந்துடும். தென்னைக்கும் வேண்டாம்.

இதெல்லாம் உவர் மண்ணுக்குத்தான். திருச்சி பக்கம் இருக்கிற களர் மண் வேற, அங்கே ஜிப்சம் வேணும். எதுன்னு தெரியணும்னா மண் வள அட்டையைப் பாருங்க. மின் கடத்துதிறன் ஒன்றுக்கு மேல இருந்தா உப்பு சேருதுன்னு அர்த்தம். பி.எச். 8.5-ஐத் தாண்டினா களர் பக்கம்.

எங்க வயல்ல இது ரெண்டாவது வருஷம். நெல்லு இன்னும் வைக்கலை. மேட்டுப் பக்கம் கால் ஏக்கர்ல தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் வந்துச்சு. அப்பா விக்கிற பேச்சை இப்போ எடுக்கறதில்லை.

ஆனா எங்க வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. உப்புத் தண்ணி போக வழி இல்லைன்னா நான் மேல சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. அது தனி ஆள் செய்யற வேலையும் இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில, மழைக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாரணும்னு தீர்மானம் வைக்கப் போறோம். கடலோரத் தோழர்கள் உங்க ஊர்லயும் வையுங்க. ஊர் பேரு, வாய்க்கால் பேரு, அட்டையில இருக்கிற அளவு, மூணையும் கமெண்ட்ல போடுங்க. மனு எழுதற வேலையை நாங்க பார்த்துக்கறோம்.