ஆசிரியரின் முதுகுவலியும் ஊராரின் கடமையும்

(மேற்கு மாம்பலத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, கிணறு, விதை ஆகியவற்றைப் பற்றியே உங்களிடம் பேசி வந்த நான், இன்று பள்ளி ஆசிரியர்களின் உடல் வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது ஊர் அபிவிருத்திக்குப் புறம்பான விஷயமன்று.

எங்கள் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஆசிரியை இந்த மேற்கு மாம்பலத்தில் வசிப்பவர். விடியற்காலையில் மாம்பலம் நிலையத்தில் செங்கற்பட்டு மின்சார ரயிலேறி, பின்னர் பஸ் பிடித்து வருவார். முதுகுவலி முற்றி ஒரு மாதம் விடுப்பில் சென்றார். அதுவோ ஈராசிரியர் பள்ளி. எஞ்சிய ஒருவரே ஐந்து வகுப்புகளையும் கவனித்தார். அம்மாதம் குழந்தைகள் கற்றது மிகச் சொற்பம். முதுகு சாயும் நாற்காலியும் உயரமான மேசையும் வேண்டுமென்று முந்தைய ஆண்டே அவர் எழுதியிருந்தார். அவசரமில்லை என்று நான் ஒதுக்கி வைத்தேன். அந்தப் பிழை என்னுடையது.

நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டால் இடுப்பு என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் தொழிலிலும் அதே நியாயந்தான். அசையாமல் நெடுநேரம் நிற்பதால் காலும் இடுப்பும் சோர்கின்றன. தோளுக்கு மேல் கை தூக்கிக் கரும்பலகையில் எழுதுவதால் தோள் நோகிறது. தாழ்ந்த மேசையில் குனிந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவதால் கழுத்து வலிக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார். கல்விக்கு அது நன்று. ஆயினும் வயது சென்ற முழங்கால்களுக்கு அடிக்கடி அமர்ந்து எழுவது எளிதன்று.

உலகில் 2020-ல் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் வருந்தினர். நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியும் தக்க விளக்கமும் உதவும் என்றும், இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிய வேண்டாமென்றும் 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. வலி கண்டவுடன் வாரக்கணக்கில் படுத்துவிடுவதும் நல்லதன்று. ஆனால் கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை சில. முதுகு சாயும் நாற்காலியும் தக்க உயரமுள்ள மேசையும் பள்ளிக்கு வேண்டும். கரும்பலகையை ஆசிரியரின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டலாம். புத்தகக் கட்டுகளை ஒருவரே தூக்காமல் சிறு கட்டுகளாகப் பிரிக்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு; பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது அக்குழுவின் பணி. அடுத்த கூட்டத்தில் இத்தேவைகளை அத்திட்டத்தில் சேருங்கள்.

யானைக்கால் நோய் மாம்பலத்தை வருத்திய காலத்தில், அரசு வரட்டும் என்று காத்திராமல் எம். சி. சுப்பிரமணியம் 1953-ல் இங்கே பொது சுகாதார மையத்தைத் தொடங்கினார். அத்தகைய பெரு முயற்சியை நான் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு நாற்காலியும் ஒரு மேசையுமே கேட்கிறேன். ஏர் பிடிப்பவன் இடுப்பொடிந்தால் வயல் தரிசாகும். ஆசிரியர் படுத்தால் நம் பிள்ளைகளின் படிப்பு தரிசாகும்.