சாவியை யாரிடம் கொடுப்பது?



ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழா வரை நம்மில் பலர் குடும்பத்தோடு புறப்படுவோம்.

அதற்குமுன் வீட்டில் எத்தனை வேலை! கேஸ் ரெகுலேட்டரை மூடுகிறோம். மோட்டாரை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் தெருமுனை வரை போனவர் திரும்பி ஓடி வருகிறார். பேப்பர் போடும் தம்பியிடம் சொல்லி வைக்கிறோம். வாசலில் நான்கு நாள் பேப்பர் கிடந்தால் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுமே.

கடைசியில் சாவி. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். அடுத்த வீடுதான் வசதி. ஆனால் சுவர்த் தகராறிலோ குழாயடிச் சண்டையிலோ அவர்களோடு பேச்சு நின்று ஆண்டுகள் ஆகியிருக்கும். எனவே மூன்று தெரு தள்ளியிருக்கும் உறவினரைத் தேடிப் போகிறோம்.

மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவரிடம் இயேசு பேசுகிறார். சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். தவறு யாருடையது என்ற விசாரணையே இல்லை. கலிலேயாவிலிருந்து எருசலேம் கோவிலுக்குப் பல நாள் நடை. அவ்வளவு தூரம் வந்தவரையே திருப்பி அனுப்புகிறார்! நாமோ இன்னும் படி இறங்கவில்லை. அந்தக் கதவு பத்தடியில் இருக்கிறது.

“அக்கா, வேளாங்கண்ணி போறோம், வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கங்க” என்றால் போதும். பழையதைக் கிளற வேண்டாம். எம்மதத்தவரானாலும் அவர்களுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். அதைக் கேட்டறிந்து, அவர்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றி வருவோம்.